அப்பாவின் நெற்றியில் மூன்று ஓட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் குடும்பக் குழுவில் ஐம்பது அறுபது செய்திகள் வந்து கிடந்தன. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் குழுவில் அதற்குத்தான் இவ்வளவு பேர் ஒன்றாக வாய் திறப்பார்கள். பார்த்தால் இதயப் படங்களும் கைதட்டல்களும்! என் பேத்தி பென்சி, எங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஒன்றைக் கைப்பேசியில் படம்பிடித்து, ஏதோ செயலியில் போட்டுத் துடைத்துத் துலக்கி அனுப்பியிருந்தாள். நாற்காலியில் ஐந்து ஆண்கள், பின்னால் நிற்கிறவர்கள் ஆறு பேர். நேற்று எடுத்தது போலப் பளபளவென்று இருந்தார்கள். துபாயிலிருந்து என் தங்கை மகன் ‘அடிபொளி’ என்று மலையாளத்தில் மெச்சியிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைத்து என்ன பயன்? அந்தப் போட்டோவில் நூற்றுக்கணக்கான ஊசி ஓட்டைகள் உண்டு. அத்தனையையும் செயலி அடைத்துவிட்டது. முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் தங்கையன் மாமாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர், இரண்டு கன்னத்திலும் குழிக்குழியாகத் தழும்பு. செயலிக்கு ஊசி ஓட்டையும் அம்மைத் தழும்பும் ஒன்றுதான் போலிருக்கிறது. மாமாவின் கன்னத்தையும் வழுவழுவென்று மெழுகி வைத்திருந்தது. அது சவர பிளேடு விளம்பரத்தில் வரும் எவனோ ஒருவன். எங்கள் மாமா இல்லை.

“அம்மச்சி, ஞான் நன்னாக்கியதல்லே?” என்றாள் பென்சி. அவள் பெங்களூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். எங்களிடம் மலையாளத்தில் பேசுவாள், நாங்கள் தமிழில் பதில் சொல்லுவோம். கேரள எல்லையோரமான இந்தப் பக்கத்து வீடுகளில் இது புதுசு ஒன்றுமில்லை.

“நன்னாக்கினது போதும் மக்கா. அந்தப் படத்தைக் கொண்டுவா இஞ்ச,” என்றேன். பென்சி முகம் வாடிவிட்டது. பாவம், அவள் என்ன கண்டாள்? சொல்லாதது என் தப்புதானே.

நான் முப்பத்தெட்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்-ரே எடுத்தவள். இந்தத் தாலுகாவில் பாதிப் பேரின் எலும்பை நான் பார்த்திருக்கிறேன். முகம்தான் நினைவில் நிற்காது. சந்தையில் யாராவது “சிஸ்டரே, ஓர்மையுண்டோ?” என்று சிரித்தால் திருதிருவென்று விழிப்பேன். தென்னையிலிருந்து விழுந்து வலது தோள்பட்டை இறங்கிய கதையைச் சொன்னால் போதும், உடனே ஆளைப் பிடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றபோது எல்லோரும் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு. எக்ஸ்-ரே பிலிமைப் பிடித்துப் பார்ப்பதற்கு வெள்ளைக் கண்ணாடி வைத்து உள்ளே டியூப்லைட் எரியும் ஒரு பெட்டி உண்டல்லவா, புதுசு வந்ததும் பழையதை ஏலம் விட்டார்கள். கேட்க ஆளில்லாமல் கிடந்தது. நான் எடுத்துவந்தேன். பேரப்பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அதன்மேல் தாளை வைத்துப் படம் வரைந்தார்கள். கருப்பட்டிக்காரன் வந்தால் அதன்மேலேயே தட்டை வைத்து எடை பார்த்ததும் உண்டு.

வீட்டுப் போட்டோக்களையும் நான் நோயாளிகளைப் போலத்தான் வைத்துப் பராமரிக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பழுப்பு எக்ஸ்-ரே உறைக்குள் இருக்கும். உறைமேல் பேர், வயது, இடமிருந்து வலம் யார் யார் என்று எழுதியிருக்கும். பூச்சிக்கு வசம்புத் துண்டு. என் மகன் கேலி செய்வான், “அம்மைக்க போட்டோ ஒக்க அட்மிட் ஆயி கெடக்கு” என்று. கிடக்கட்டும். நாளைக்கு இவன் பேரப்பிள்ளைகள் வந்து “இது யார்?” என்று கேட்டால் இவன் கூகிளிலா தேடிச் சொல்லப்போகிறான்?

அந்த உறைகளைத் திறந்தால் வசம்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை வரும். லேசான புளிப்பு வாடை. படத்தைக் கழுவுகிற ஹைப்போ மருந்தின் மிச்சம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆஸ்பத்திரியின் இருட்டறைக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்த டெக்னீசியன், புதுப்பெண் பயந்துவிட்டாள் என்று நினைத்து கதவைத் திறந்துவிட்டார். எனக்குப் பயமில்லை. அந்த வாடையை நான் எட்டு ஒன்பது வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாறசாலைச் சந்தையிலிருந்த ஒரு ஸ்டூடியோவில் முகர்ந்திருக்கிறேன். அன்றைக்கு வாங்கி வந்ததுதான் இந்தப் போட்டோ.

எங்கள் வீடு காரோட்டுப் பக்கம். அப்பா சந்தையில் தையல் மெஷின் போட்டிருந்தார். அது, திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். அப்பாவின் கடையில் துணி தைத்ததைவிடக் கொடி தைத்ததுதான் அதிகம். ஒருநாள், இப்போதைய எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஊர்வலம் என்று செய்தி வந்தது. எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர் போவதாகப் பேர் கொடுத்தார்கள். போனால் அடி உண்டு, ஜெயில் உண்டு, அதற்கு மேலும் ஏதாவது இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்வலத்துக்கு முந்தின நாள் அப்பாவுக்கு ஒரு யோசனை.

“லேய், ஒரு போட்டோ புடிச்சு வப்பம். ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக்கு நமக்க பேரப்பிள்ளைகளு நாம யாருண்ணு பாக்கணும்.”

பதினோரு பேரில் எட்டுப் பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகளை நினைத்து எல்லோரும் தலைவாரினார்கள். ஆலயத்திலிருந்து ஐந்து நாற்காலி வந்தது. ஸ்டூடியோக்காரர் முக்காலியும் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்து, ஆலய முற்றத்துப் பலாமரத்தடியில் நிறுத்தினார். தங்கையன் மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வயதுக்கு அவர் பின்னால்தான் நிற்கவேண்டும். ஆனால் அவர் பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒரு ஜோடி ஷூ இரவல் வாங்கியிருந்தார். நின்றால் ஷூ படத்தில் விழாது. “எனக்கு நாக்காலி இல்லாண்டா நான் வரல்ல,” என்று ஒற்றைக்காலில் நின்றார். ஷூ வேறு இரண்டு அளவு பெரிது. உள்ளே திணிக்கத் தாள் தேடியபோது கைக்குக் கிடைத்தது போராட்ட நோட்டீஸ்தான். தமிழ்த் தாயின் மானத்தைக் காக்க அழைக்கும் நோட்டீஸை மிதித்துக்கொண்டு மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை, விஷயம் தெரிந்தவர்கள் படத்தில் பார்த்துச் சிரிக்கலாம்.

ஊர்வலம் போனார்கள். அடிபட்டுத் திரும்பி வந்தார்கள். ஸ்டூடியோக்காரர் தடித்த சாம்பல் அட்டையில் ஒட்டிப் பதினோரு பிரதி கொடுத்தார். பதினோரு வீட்டிலும் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. ஒளிந்து செய்கிற காரியத்துக்கு யாராவது உட்கார்ந்து போட்டோ எடுப்பார்களா? எடுத்தாலும் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டுவார்களா?

சில மாதத்தில் போலீஸ் கெடுபிடி அதிகமாயிற்று. ஊர்வலத்துக்குப் போனவர்களைத் தேடினார்கள். பேரை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் ஊரில் தங்கையன் என்று ஏழு பேர், செல்லையன் என்று பத்துப் பேர். “எந்தத் தங்கையன்?” என்று கேட்டால் ஊர் ஒரே முகமாக வானத்தைப் பார்க்கும். ஆகவே அவர்களுக்கு முகம் தேவைப்பட்டது. அப்படி ஒரு போட்டோ இருப்பது எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஸ்டூடியோக்காரர் வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்தார். தன்னிடமிருந்த கண்ணாடித் தகட்டிலிருந்து படத்தை முழுக்கச் சுரண்டிவிட்டதாகச் சொன்னார். பக்கத்து ஊரில் வீடு வீடாகப் புகுந்து பார்க்கிறார்கள், மத்தியானத்துக்குள் இங்கே வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அப்பா அப்போதே பின்வாசல் வழியாகப் பொழியூருக்கு நடந்தார். அங்கே மீன்பிடிக்கிற கத்தோலிக்கர் வீடு ஒன்றில், சட்டை தைத்துக் கொடுத்த பழக்கம் உண்டு. மூன்று வாரம் அங்கே ஒளிந்திருந்து, வேளாவேளைக்கு மீன் சாப்பிட்டு, கொஞ்சம் தொப்பையோடு வந்து சேர்ந்தார். தியாகிகளில் தொப்பை போட்டுத் திரும்பியவர் என் அப்பாதான் என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள்.

ஊரில் பத்து அடுப்பில் பத்துப் போட்டோ எரிந்தது. அடுத்த வீட்டு மாமி வேலிப்பக்கம் வந்து, “நீ எரிச்சிட்டியா?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

“தீயில போட்டா பின்ன கிட்டாது,” என்றாள் அம்மா. அவ்வளவுதான் பதில்.

அம்மா ரேந்தை பின்னுகிறவள். ரேந்தை என்றால் லேஸ். வெள்ளைக்கார மிஷன் வீட்டம்மாவை நாங்கள் மிசியம்மா என்போம். அவர் பங்களாவில் இருபது முப்பது பெண்கள் ரேந்தை பின்னக் கற்றிருந்தார்கள். பின்னியதெல்லாம் கப்பலில் சீமைக்குப் போகும். வைக்கோல் அடைத்த உருண்டைத் தலையணைமேல் பூக்கோலம் குத்திய அட்டையைப் பொருத்தி, அதன் ஓட்டைகளில் குண்டூசிகளை நட்டு, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போடவேண்டும். கட்டைகள் ஒன்றோடொன்று மோதி ‘டிக் டிக்’ என்று கேட்கும். அட்டை பழசாகி ஓட்டை பெரிதானால், அதை ஒரு புது அட்டைமேல் வைத்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஊசியை இறக்கிப் புதுக்கோலம் எடுப்பார்கள். இதற்கு நல்ல தடித்த அட்டை வேண்டும். அது எளிதில் கிடைக்காது.

அன்றைக்கு அம்மா போட்டோவை ஆணியிலிருந்து எடுத்தாள். சட்டத்தைக் கழற்றினாள். மடியில் நிமிர்த்தி வைத்து, முன்பக்கத்திலிருந்து ஊசியை இரண்டு தடவை இறக்கினாள். பிறகு கவிழ்த்துப் போட்டு, பழைய கோல அட்டையை அதன் முதுகில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் இரண்டு குத்தும் கை பழகிப் பார்ப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

“அம்மா, அப்பா படத்தக் குத்துதியளா?”

“குத்தினா ஓட்ட மட்டுந்தான் விழும் மக்கா. நீ போயி வாசலில நில்லு. ஆளு வந்தா பாட்டுப் பாடு.”

நான் வாசலில் நின்றேன். என்ன பாட்டுப் பாடுவது என்று தீர்மானிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓய்வுநாள் பள்ளியில் கற்றுத்தந்த ஒன்றைக் கடைசியில் தேர்ந்தெடுத்தேன். ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இடைவழியில் திரும்பியபோது, எனக்கு முதல் வரியே மறந்துபோனது. கீச்சென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. உள்ளே ‘டிக் டிக்’ மட்டும் நிற்கவில்லை.

“போட்டோ எவிடெ?” என்றார் ஏட்டு.

அம்மா தலை நிமிரவில்லை. “கல்யாண போட்டோ சுவரில உண்டு ஏட்டே. எடுத்துப் பாருங்க.”

எடுத்தார்கள். சட்டத்தின் பின்னட்டையைக் கிழித்துப் பார்த்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். வேதப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறியதில், நான் ஒளித்து வைத்திருந்த மயிலிறகு விழுந்தது. அப்பாவின் தையல் பெட்டியைக் கொட்டினார்கள். அம்மா பாயில் உட்கார்ந்து கட்டைகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். தலையணைமேல் நான்கு விரல் நீளத்துக்கு வெள்ளை ரேந்தை இறங்கியிருந்தது. சுற்றிலும் குண்டூசிக் காடு. அதற்கெல்லாம் அடியில் பதினோரு பேரும் முகம் குப்புறக் கிடந்தார்கள்.

ஏட்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார். “அது எடுத்து மாற்று. தலயணயும் நோக்கணும்.”

அம்மா கையை நிறுத்தி, முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுக்கலாம். எடுத்தா நூலு ஒக்க அறும். இது மிசியம்மாவுக்க வேலயாக்கும், கப்பல்ல போறது. அறுந்துதுண்ணா பங்களாவுல வந்து நிங்க சொல்லணும், நான் சொல்லமாட்டேன். எடுக்கட்டா?”

வெள்ளைக்காரர்கள் ராஜ்யத்தை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தாலும், எங்கள் பக்கத்தில் மிசியம்மா என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஏட்டு குனிந்து தலையணையின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே வைக்கோல் நெறுநெறுத்தது. போட்டோ அவர் மூக்குக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “வேண்டா,” என்று நிமிர்ந்தார். போகிறபோது மயிலிறகை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை வந்தார்கள். அதனால் அம்மா அட்டையைத் தலையணையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு மேஜை விரிப்புக்கு வேண்டிய ரேந்தை முழுவதையும் அதன்மேலேயே பின்னி முடித்தாள். பதினோரு பேரில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள், பிரசங்கம் செய்தவர்கள், நோட்டீஸ் அடித்தவர்கள் எல்லோரும் ஓடி ஒளிந்த நாளில், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மா, சட்டமாக உட்கார்ந்து நூல் மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த ரேந்தை திரும்பி வந்துவிட்டது. அம்மா பின்னத் தொடங்கியதிலிருந்து அவள் வேலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. பெரிய பூக்கோலத்தை அவளிடம்தான் கொடுப்பார்கள். அன்றைக்குப் பங்களாவில் எல்லாப் பெண்களும் இருக்க, மிசியம்மா ரேந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். நாலு பூவுக்கு ஒரு பூவில் ஒரு இதழ் ஒடிந்த மாதிரி வளைந்திருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கை தவறிப்போச்சு மிசியம்மா,” என்றாள் அம்மா. தலை குனிந்து நின்றாள். ஏட்டுக்கு முன்னால் நிமிர்ந்த தலை அது. அடுத்த ஈஸ்டர்வரை அவளுக்குக் கைக்குட்டை ஓரம்தான் கொடுத்தார்கள். அதைப் புதிதாகக் கற்கிற பெண்கள்தான் செய்வார்கள்.

கழித்துவிட்ட ரேந்தையை வெட்டி, அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் கவுனுக்குக் காலர் வைத்தாள். கூட்டுக்காரிகள் கோணல் பூவைக் காட்டிச் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். “நிங்க ஏன் நல்லாப் பின்னல்ல?” என்று கேட்டேன். அம்மா என் காலரை நீவிவிட்டாள். அவசரத்தில் அட்டையைத் தப்பாகக் குத்திவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் தங்கையன் மாமா டைபாய்டில் போய்விட்டார். பதினெட்டு நாள் காய்ச்சல். அவருக்கு இருந்த ஒரே படம் இந்தப் போட்டோதான். அதை மறுபடி சட்டம் போட்டு ஆணியில் மாட்டியபோது, அடுத்த வீட்டு மாமி வந்து பார்த்து, “நானும் எரிக்காம இருந்திருக்கலாம்,” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் வீட்டுக்காரரும் பின்வரிசையில் நிற்கிறார்.

பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றது. கூப்பிடு தூரத்தில் என் சித்தி வீட்டில் வெடி வெடித்தார்கள், எங்கள் வீட்டில் அப்பா இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து போய்க் கடை திறந்தார். தோற்றவர்கள் என்று எங்களை யாரும் எழுதிக்கொள்ளட்டும். இன்றைக்கும் எங்கள் ஆலயத்தில் தமிழில் பாடுகிறோம். வீட்டில் தமிழில் சண்டை போடுகிறோம்.

வயதான பிறகு அப்பாவுக்கு இந்தப் போட்டோதான் பொழுதுபோக்கு. யார் வந்தாலும் இறக்கிக் காட்டுவார். ஊசி ஓட்டைகள் முன்வரிசை முகங்களின் வழியாகப் பட்டையாக ஓடும். நடுநாயகமாக உட்கார்ந்த அப்பாவின் நெற்றியில் சரியாக மூன்று. “நெத்தியில மூணு குண்டு பாஞ்சும் சாவாத மனியன் நானாக்கும்,” என்பார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும், “குண்டில்ல, ஊசியாக்கும்.” வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா விடமாட்டார். “கெட்டினவளே குத்தினா அது குண்டுதான் கேட்டியா?”

இவ்வளவையும் பென்சியிடம் சொல்லி முடித்தபோது மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது. அவள் போட்டோவை மடியில் வைத்து ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “அம்மச்சி, ஆ பூவு எங்ஙனெயிருக்கும்?” என்றாள். படத்தின் முன்பக்கம் பார்த்தால் வெறும் புள்ளிக் குழப்பம், பூ தெரியாது. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. வீட்டில் வெளிச்சப் பெட்டியை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் இருந்தேன்! அதன்மேல் கருப்பட்டி எடை போட்டவள் நான்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் போட்டோம். டியூப்லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. போட்டோவைக் கண்ணாடிமேல் வைத்தேன். பதினோரு பேரும் இருண்டார்கள், ஓட்டைகள் மட்டும் எரிந்தன. நான்கு பெரிய பூ, நடுவில் கொடி, ஓரத்தில் சுருள். அறுநூறு எழுநூறு வெளிச்சப் புள்ளிகளில் அம்மாவின் ரேந்தை அப்படியே நின்றது. பென்சி “அய்யோ” என்றாள்.

மூன்று பூ சுத்தமாக இருந்தது. நாலாவது பூவில் அந்தக் கோணல் இதழ். எனக்குத் தெரிந்த கோணல், என் கழுத்தில் கிடந்து என்னை அழவைத்த கோணல். ஆனால் எலும்பு பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்காது. வளைந்த இதழுக்கு மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் தனியாக நின்றன. அவை பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை. மற்ற மூன்று பூவில் அப்படிப் புள்ளி கிடையாது. விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, பென்சியிடம் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

என் விரலுக்கடியில் தங்கையன் மாமா இருந்தார். தலைக்கு மேலே ஒரு ஓட்டை, சட்டைக் கழுத்துக்குக் கீழே ஒரு ஓட்டை. முன்பக்கத்திலிருந்து அம்மா முதலில் இறக்கிய இரண்டு குத்துகள். கவிழ்த்துப் போட்டால் தம்பியின் முகம் எங்கே என்று தெரியாதே, அதற்கு வைத்த அடையாளம். இரண்டுக்கும் நடுவில் வந்த இதழைத்தான் அவள் வளைத்துவிட்டிருக்கிறாள். முன்வரிசையில் ஐந்து பேர். நாலு முகத்தில் ஓட்டை உண்டு. மாமாவின் முகத்தில் அம்மைத் தழும்பு மட்டும்தான், ஒரு ஊசிகூட இல்லை. கட்டிய புருஷன் நெற்றியில் மூன்று இறக்கியவளுக்குத் தம்பி கன்னத்தில் ஒன்று இறக்கக் கை வரவில்லை. போலீஸ் பக்கத்து ஊர்வரை வந்துவிட்ட நேரத்தில் உட்கார்ந்து இதழ் வளைத்திருக்கிறாள்.

எழுபது வருஷமாக அம்மாவுக்குக் கை தவறியது என்று நம்பியிருந்தேன். அவள் கை தவறவே இல்லை. தவறியதாக ஒப்புக்கொண்டு, தன் பேரைக் கெடுத்துக்கொண்டு, அத்தனை பெண்களுக்கு முன்னால் தலை குனிந்து நின்று, பதினோரு பேரையும் காப்பாற்றினாள். அதிலும் ஒரு முகத்தைக் கீறல் படாமல் காப்பாற்றினாள். நானோ “நல்லாப் பின்னல்ல” என்று அவளிடம் சண்டை போட்டேன்.

அவளிடம் போய்ச் சொல்ல இப்போது அவள் இல்லை. அந்தக் காலர் தேய்ந்து, தலையணை உறைக்கு ஓரமாகி, பிறகு லாந்தர் சிம்னி துடைத்து எப்போதோ தொலைந்துபோனது. உருண்டைத் தலையணையும் கட்டைகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மிசியம்மாவின் பங்களா இருந்த இடத்தில் ரப்பர் நிற்கிறது. ஸ்டூடியோ மொபைல் கடையாகிவிட்டது. படத்திலுள்ள பதினோரு பேரில் இன்று ஒருவரும் இல்லை. அந்தப் பூவுக்கு அம்மா ஒரு பேர் சொல்லுவாள். தன் வல்லியம்மச்சி சொன்ன அந்தப் பேர் என்ன என்று பென்சி கேட்டாள், எவ்வளவு யோசித்தும் எனக்கு அது வரவில்லை.

பென்சி கைப்பேசியை எடுத்தாள். மெழுகிய படத்தைக் குழுவிலிருந்து அழித்தாள். ஓட்டைப் போட்டோவை அப்படியே படம்பிடித்தாள். விளக்கைப் போட்டு வெளிச்சப் பூவையும் பிடித்தாள். நான் சொல்லச் சொல்லப் பதினோரு பேரையும் இடமிருந்து வலமாக மலையாள எழுத்தில் அடித்தாள், அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் துபாய்க்காரன் கேட்டான், “இதெந்தா, சிதல் தின்னதோ?” கரையான் அரித்ததா என்று கேட்கிறான் அவன்.

அவள் கைப்பேசியை வாயருகே பிடித்தாள். மலையாளத்தில்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

“சிதல் ஒண்ணும் இல்ல சித்தப்பா,” என்றாள் பென்சி. “எனக்க வல்லியம்மச்சி குத்தினதாக்கும்.”